ஜைனப் எண்ணிய நாற்பது பல்

ஜைனப் இறந்த செய்தி எனக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு அவர் போட்ட சட்டமே காரணம். பல் சக்கரம் வெட்டும்போது யாரும் பேசக்கூடாது, போனை எடுக்கக்கூடாது, தெருவே தீப்பிடித்தாலும் சுற்று முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். கல்மண்டபத்தில் எங்கள் பட்டறைக்கு வந்துபோகிற உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். உங்களில் பாதிப் பேர் அவரிடம் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

அன்று காலை நான் ஒரு பித்தளைச் சக்கரத்தில் இருபத்திரண்டாவது பல்லில் இருந்தேன். போன் ஐந்து முறை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் வெளிச்சத்தை யாரோ மறைத்தார்கள். கடைக்கண்ணால் பார்த்தேன். ஜைனப்பின் மகன் அன்சாரி. கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பல்லுக்கு ஒரு கோடாக எண்ணிக்கை போடும் சாக்பீஸ் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் கைகட்டி நின்றான். கடைசிப் பல்லுக்கும் கோடு போட்டு மோட்டாரை நிறுத்தினேன். அதன் பிறகுதான் சொன்னான்: "அம்மா மவுத்தாயிட்டாங்க மாமா."

எனக்கு அவன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. இதைக்கூடவா நின்று சொல்வாய் என்று கேட்டேன். எண்ணிக்கையைக் கலைத்தால் அம்மாவுக்குப் பிடிக்காது என்றான்.

நானும் ஜைனப்பும் திருவொற்றியூர்ப் பக்கம் தண்ணீர் மீட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் லேத் ஓட்டும் கடைசல் பிரிவு. அவர் மீட்டருக்குள் குட்டிக் குட்டிப் பல் சக்கரங்களைக் கோர்க்கும் மேசையில் இருந்தார். எங்கள் மீனவர் குடும்பத்தில் கடலுக்குப் போகாமல் இரும்பைப் பிடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. தொழிற்சாலையை மூடியதும் ஒரு பழைய லேத்தை வாங்கிக் கல்மண்டபத்தில் பட்டறை போட்டேன். ஒரு மாதம் கழித்து ஜைனப் தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தே வந்து நின்றார்.

"தேசிங்கு, உனக்குக் கடைசல் தெரியும். பல்லு வெட்டத் தெரியுமா? எனக்குப் பல்லு தெரியும். சேந்து செய்யலாம்" என்றார்.

நியாயமான பேச்சு. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால், முழு இயந்திரமும் சும்மா கிடக்கும். பெரிய பட்டறைக்காரர்கள் ஒற்றைச் சக்கரத்தைத் தொடமாட்டார்கள். அதைச் செய்துகாட்டினால் எங்கள் பட்டறை நிற்கும், இல்லையென்றால் வெளியே கிடக்கிற ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று.

பல் வெட்டும் இயந்திரம் வாங்க எங்களுக்கு வழியில்லை. இருப்பதை வைத்துத்தான் செய்தோம். தையல் மெஷின் மோட்டார் ஒன்றை லேத்தின் மேல் உட்கார வைத்தோம். உடைந்த கடைசல் உளியைச் சாணையில் பிடித்து வெட்டுக்கருவி ஆக்கினோம். அதைத் தேய்ப்பது ஜைனப்பின் வேலை. உடையாமல் மிச்சமிருக்கும் இரண்டு பல்லுக்கு நடுவே உளியின் முனையைச் செருகி, வாசலில் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் திரும்பவும் சாணைக்குப் போவார். ஒருமுறை இதற்கே முழுக் காலையும் போயிற்று. போதும் என்றேன். "உனக்குப் போதும். சக்கரத்துக்குப் போதாது" என்றார்.

மிச்சமிருந்தது ஒன்றுதான்: சுற்றைச் சமமாகப் பங்குபோடுவது. நாற்பது பல் வேண்டுமென்றால் லேத்தை நாற்பது முறை, மயிரிழை பிசகாமல் திருப்பி நிறுத்த வேண்டும். அதற்கு நானே ஒரு வழி செய்தேன். மரத்தில் வட்டமான தட்டு ஒன்றைக் கடைந்து, அதன் சுற்றளவுக்குக் காகிதத்தில் ஒரு நாடா வெட்டி, நாற்பது கோடு போட்டு, பசை தடவித் தட்டைச் சுற்றி ஒட்டினேன். ஒட்டும்போது நாடாவின் ஒரு நுனி மறுநுனி மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தது. பிளேடால் சீவிவிட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சக்கரம் காசிமேட்டில் வலைநூல் சுற்றும் ஒருவருக்கு. நான் வெட்டினேன், ஜைனப் எண்ணினார். சக்கரம் பார்க்க நகை மாதிரி இருந்தது. மறுநாளே அந்த வலைநூல்காரர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று இடிக்கிறது, நூல் அறுகிறது என்றார். கடைசிப் பல் மற்றவற்றில் பாதிதான் இருந்தது. பட்டறையில் அப்போது நாலு பேர் நின்றார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எண்ணினது நான் இல்லை, அந்த அம்மாதான், பிசகிவிட்டார் என்று நான் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொன்னதோடு சக்கரத்தைத் தூக்கித் தெருவில் வீசினேன்.

ஜைனப் சத்தம் போடவில்லை. "நான் நாப்பதுதான் எண்ணுனேன்" என்று ஒரு தடவை சொன்னார். தெருவில் இறங்கி அந்தச் சக்கரத்தைப் பொறுக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று நாள் அவர் வரவில்லை. நாலாம் நாள் கையில் ஒரு சுருளோடு வந்தார். துறைமுகத்தில் சரக்குப் பொதியை இறுக்கிக் கட்டுகிற இரும்புப் பட்டை; அவர் கணவர் அங்கே வேலை பார்த்தார். வந்ததும் நேராக வேலைப் பேச்சுதான்.

"காயிதம் பசை பட்டா நீளுது தேசிங்கு. வூட்ல குண்டான்ல ஒட்டி ஒட்டிப் பாத்தேன். நீ மிச்சம்னு சீவிப் போட்டியே, அது கடைசிப் பல்லோட பங்கு" என்றார். பிறகு பட்டையை நீட்டினார். "இதுல சமமா ஓட்டை போடு. நுனியும் நுனியும் சேரலேன்னா கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா கடைஞ்சு கொறை. பட்டையை மட்டும் வெட்டாத."

நான் ஒரு சின்ன இரும்புக் கட்டியில் இரண்டு துளை போட்டேன். முதல் துளையில் ஆணி, இரண்டாவதில் துளைப்பு. பட்டையை ஓர் ஓட்டை நகர்த்தி மறுபடியும் ஆணி. எல்லா இடைவெளியும் ஒரே அளவாக வந்தது. பட்டையைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து மரத் தட்டைக் கடைந்தேன். ஓர் இடத்தில் முதல் ஓட்டையும் கடைசி ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. தட்டை லேத்தின் பின்னால் மாட்டி, வளைந்துகொடுக்கும் ரம்பத் தகட்டின் முனையில் ஆணி வைத்து, அது ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் விழுந்து லேத்தை நிறுத்தும்படி செய்தோம். அன்று வெட்டிய சக்கரம் காசிமேட்டில் பல வருஷம் ஓடியது.

அதன் பிறகு எங்களுக்கு நல்ல காலம். தராசு, தையல் மெஷின், படகு மீட்டர் என்று எதன் பல் உடைந்தாலும் எங்களிடம் வந்தது. எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றின் இன்ஜினியர் எங்கள் சக்கரத்தை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, எந்த நாட்டு இயந்திரம் என்று கேட்டார். ஜைனப் துருப்பிடித்த பட்டையைக் காட்டி, "ஹார்பர் மெஷினு சார்" என்றார். அந்த மனிதர் தரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்தூரிலிருந்தும் எம்.கே.பி. நகரிலிருந்தும் பட்டறைக்காரர்கள் வந்து அதே மாதிரி செய்துகொண்டு போனார்கள். பட்டறை என் பெயரில் இருந்ததால் அதற்குத் 'தேசிங்கு தட்டு' என்று பெயர் வைத்தார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். நான் மறுத்ததில்லை. ஜைனப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார், ஒரு நாளும் என்னைத் திருத்தவில்லை.

ஆனால் ஒன்று செய்தார். தெருவிலிருந்து பொறுக்கிய அந்தச் சக்கரத்தின் நடுத்துளையில் கயிறு கோர்த்து வீட்டுச் சாவியை மாட்டிக்கொண்டார். தினமும் காலையில் இடுப்பிலிருந்து எடுத்து என் மேசையில் 'ணங்' என்று வைப்பார். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவார். நல்ல சாவிக்கொத்தாக ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், கெட்டியாத்தானே கீது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அன்று என் தொண்டை வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இத்தனை வருஷமும் நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளினேன். வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அடக்கத்தில் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். எண்ணித்தான் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அன்சாரி பட்டறைக்கு வந்தான். வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார்களாம். அம்மாவின் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தான். அதே 'ணங்'. இது உங்கள் பட்டறைச் சாமான்தானே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். கை பட்டுப் பட்டுப் பித்தளை வழுவழுவென்று ஆகியிருந்தது.

நான் அந்தச் சக்கரத்தை ஒருநாளும் எண்ணியதில்லை. அவர் பிசகியிருந்தால் முப்பத்தொன்பதோ நாற்பத்தொன்றோ இருந்திருக்கும். அன்று நாலு பேர் முன்னால் நின்றபோது அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாக்பீஸை எடுத்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் கோடு போட்டேன். அன்சாரி ஏதோ சொல்ல வந்தவன், சாக்பீஸைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். முப்பத்தொன்பது பல் முழுசு. அடுத்தது பாதி, அத்தோடு சுற்று முடிந்தது.

"உங்கம்மா எண்ணுனது சரி" என்றேன். "தப்பு என்னுது. அந்தத் தட்டும் அவங்களுது."

அன்சாரி சக்கரத்தை எடுத்து அந்தப் பாதிப் பல்லைத் தடவிப் பார்த்தான். பிறகு, "தெரியும் மாமா. நீங்க ஒருநாள் சொல்வீங்கன்னு அம்மா சொல்லிக்கினு இருந்தாங்க" என்றான்.

தட்டில் ஜைனப் என்று எழுத்து அடித்துவிட்டேன். இனி நீங்களும் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பட்டறைக்கு அது பொது. சக்கரத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இப்போது என் வீட்டுச் சாவி அதில்தான் தொங்குகிறது. காலையில் பட்டறையைத் திறந்ததும் மேசையில் வைக்கிறேன், அவர் வைத்த அதே இடத்தில்.