நகல்: துறைத் தலைவருக்கு

பிரவுசிங் சென்டர் நடத்துவது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். பதில் வராதவர்களின் முகத்தைப் பார்க்கிற வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது. பதில் வராத கடிதம் ஒன்றாவது உங்கள் கணக்கிலும் இருக்கும். ஆகவே நாம் எல்லாரும் ஒரே ஜாதி. கூச்சப்படாமல் படியுங்கள்.

காப்பி டு

கடை வைப்பதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பீச் லைனில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுக்க வேண்டுமானால் கஸ்டம்ஸ் அதிகாரிகளுக்கு ஒரு நாளைக்கு இருபது கடிதம் போகும். எல்லாவற்றிலும் கடைசியில் 'நகல்' என்று போட்டு, அந்த அதிகாரிக்கு மேலே இருப்பவர், அவருக்கும் மேலே இருப்பவர் என்று இரண்டு பெயராவது இருக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். மேனேஜர் கடிதத்தை என் மேஜையிலேயே திருப்பிப் போட்டார்.

"காப்பி டு இல்லாத லெட்டர் லெட்டரே இல்லம்மா. அத்த வாங்கி அவன் வடை மடிப்பான்."

லீவில் இருக்கும் பெரியவர்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தண்டையார்பேட்டையில் நாலு கம்ப்யூட்டரோடு கடையைத் திறந்தேன். தெருவில் கண்டெய்னர் லாரி போனால் நாலு திரையும் சேர்ந்து நடுங்கும். அந்தச் சமயத்தில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு அமெரிக்காவுக்கு மனு போட ஆரம்பித்தார்கள். பல பேருக்குச் சொந்த மெயில் கிடையாது. கடை முகவரியிலிருந்தே அனுப்புவோம், பதிலும் கடைக்கே வரும். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி என்பதால், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு மூன்று பேர் வாசலில் நிற்பார்கள்.

திருவொற்றியூரிலிருந்து வரும் குமரன் முப்பது பேராசிரியர்களுக்கு எழுதியிருந்தான். இருபது நாள் ஒன்றும் வரவில்லை. இருபத்தோராம் நாள் ஒன்று வந்தது. நான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க, அவன் ஓடிப்போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருமாகச் சேர்ந்து வரிவரியாகப் படித்தோம். அவர் விடுமுறையில் இருக்கிறார், திரும்பி வந்ததும் பார்ப்பார் என்று மெஷின் தானாக அனுப்பிய பதில் அது. அவன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"லீவுல கீறேன்னு எங்கிட்ட எதுக்குக்கா சொல்லணும்? ஒரு மனுஷனா மதிச்சிதான சொல்றாரு."

பதினெட்டு

எத்தனை பல்கலைக்கழகத்துக்குப் போடுவது என்பதுதான் அப்போது எல்லார் வாயிலும் இருந்த கேள்வி. கன்சல்டன்சிக்காரர்கள் எட்டு என்பார்கள்: எட்டாத உயரத்தில் இரண்டு, நடுவில் நாலு, கண்ணை மூடிக்கொண்டு கிடைப்பது இரண்டு. ராயபுரத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து பதினெட்டுக்குப் போடச் சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எட்டு போதுமே பாய் என்றேன். மகன் காதில் விழாதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நல்ல மாலுன்னா ரெண்டு எடத்துல காட்னா போதும்மா. நம்ம மாலு எப்டின்னு எனக்குத் தெரியும், அதான் பதினெட்டு."

ஒன்று

மேகலா வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்தாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். அம்மா அவள் ஸ்கூல் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். வீட்டில் இரண்டே பேர். எண்ணூர் முகத்துவாரத்துக்கு பஸ் பிடித்துப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கி வந்து, அதற்குள் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. கடைக்கு வரும்போது அவள் செருப்பில் சேறு காய்ந்திருக்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் போன பிறகு கூட்டிக்கொள்வேன்.

அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் இதே மட்டியை வைத்து இருபது வருஷமாக வேலை செய்கிறார். அவருக்கு அவளே எழுதினாள், அவளே டைப் செய்தாள், என்னை விடவில்லை. அவர் கட்டுரையில் ஒரு இடம் புரியவில்லை என்று ஒரு கேள்வி, எண்ணூரில் தான் பார்த்தது இப்படி என்று நாலு வரி, அவ்வளவுதான். அப்பா கஷ்டப்படுகிறார், கருணை காட்டுங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்றேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். மூன்றாம் நாள் நிஜமான பதில் வந்தது. நல்ல கேள்வி, உன் குறிப்புகளை அனுப்பு, விண்ணப்பமும் போடு, என்னிடம் ஒரு இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் ஷட்டரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவள் அழவில்லை. இன்னும் நாலு இடத்துக்காவது போட்டுவை, ஒரே கிளையில் தொங்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"எனுக்கு வேணும்ன்றது இத்து ஒன்னுதாங்க்கா. மீதி நாலு பேருக்கு நான் இன்னான்னு பொய் எழுதறது?"

நினைவூட்டல்

குறிப்புகள் போயின, விண்ணப்பமும் போனது. அதற்குப் பிறகு ஒரு மாதம் பதில் இல்லை. மேகலா தினமும் காலையில் எட்டிப் பார்ப்பாள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், போய்விடுவாள். அவளுக்குப் பொறுமை இருந்தது, எனக்குத்தான் இல்லை. பரீட்சை என்று அவள் கடைக்கு வராத ஒரு வாரத்தில் என் பழைய விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு கடிதம் நகராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் படித்தவள் அல்லவா நான்? 'மேற்படி பொருள் தொடர்பாக நாளது வரை தங்களிடமிருந்து பதில் இல்லை; உடன் நடவடிக்கை கோருகிறோம்' என்பதற்கு என்ன இங்கிலீஷோ அதை அடித்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் வெப் பக்கத்தில் தேடி, துறைத் தலைவருக்கு ஒரு நகல், டீனுக்கு ஒரு நகல் போட்டேன். கீழே மேகலா என்று அவள் பெயரையும் போட்டு அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியில் ஒரு டீ குடித்தேன்.

மறுநாள் காலையிலேயே பதில் இருந்தது. நகல் போட்டால் காரியம் நடக்கும் என்பது அமெரிக்காவிலும் உண்மைதான் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். தன் தாயார் இறந்ததால் ஊருக்குப் போயிருந்ததாகவும், திரும்பி வந்து நேற்றுதான் மேகலாவின் குறிப்புகளைப் படிக்க எடுத்து வைத்ததாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியை அகராதி இல்லாமலே படிக்க முடிந்தது.

"மேலிடத்தில் என்னைப் பற்றிப் புகார் செய்யும் ஒருவரோடு ஐந்து வருஷம் வேலை செய்ய என்னால் முடியாது, வாழ்த்துகள்."

மேஜை டிராயர்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். கடை முகவரி, என் பாஸ்வேர்ட், என்னைத் தவிர யார் பார்த்தார்கள்? அழிக்கவும் மனம் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. பிரிண்ட் எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, மேகலா பரீட்சை முடிந்து வந்து கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன். நாலு நாள் இப்படி ஓடியது. மற்ற இடங்களின் கடைசித் தேதிகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன என்பதும் எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லா பேசிகினு இருந்தவரு, திடீர்னு நிறுத்திட்டாரு. இன்னா கஷ்டமோ பாவம். ஒடம்பு எப்டி கீதுன்னு ஒரு வரி கேட்டுப் போட்டுர்றேங்க்கா" என்று சொல்லிக் கீபோர்டில் கை வைத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டிராயரைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தேன். நான் அனுப்பியதையும் கொடுத்தேன். இரண்டையும் இரண்டு தடவை படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவுங்கம்மா செத்துப் போச்சாங்க்கா?"

மூன்று வரி

இது என் தப்பு, நானே அவருக்கு எழுதி ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா போனதற்கு வருத்தம் தெரிவித்து மூன்று வரி எழுதினாள். தனக்கும் அம்மா இல்லை என்பது அதில் ஒரு வரி. இடம் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. அதற்குப் பதில் வரவில்லை. மார்ச்சில் பல்கலைக்கழகத்திலிருந்து இடமில்லை என்று கடிதம் வந்தது. படிப்பு முடிந்ததும் அவள் மணலியில் ஒரு லேபில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குப் போனாள். அந்த வருஷம் முழுக்க அவள் பஸ் என் கடையைத் தாண்டித்தான் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் கையாட்டுவாள். அன்றைக்கே என்னை ஏன் உண்மையை எழுத விடவில்லை என்று ஒரு தரம் அவளைக் கேட்டேன்.

"எம்பேரப் போட்டுப் போன லெட்டரு எனுதுதாங்க்கா. நாளிக்கி எது போனாலும் நீ அடிச்சதான்னு கேப்பாங்க."

நகல்: அப்பா

அடுத்த வருஷம் சொந்தமாக ஒரு மெயில் வைத்துக்கொண்டு ஐந்து இடத்துக்குப் போட்டாள். ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஆனது. ஒரு இடம் கிடைத்தது. பழையவர் இல்லை, வேறொருவர். போய் இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு ஒரு மெயில் வந்தது. அப்போது தமிழ் எழுத்து அடிக்க வழியில்லாததால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். அங்கே குளிர், ரூமில் இன்னொரு பெண், ஏரியில் இறங்கி மட்டி எடுத்தது என்று ஒரு பக்கம். அடியில் 'காப்பி டு: அப்பா' என்று இருந்தது. அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வியாசர்பாடிக்குப் போனேன். அவள் அப்பாவுக்குத் தமிழ்ப் பேப்பர் படிக்க வரும், இங்கிலீஷ் எழுத்து வராது. நான் வாசித்தேன். ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடு கேட்டார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு ஒரு வருஷம் வீணானது என்னால்தான் என்று அப்போதாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, சொன்னேன். தெரியும் என்பது போலத் தலையசைத்தார். காகிதத்தை மடித்து அவள் அம்மா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அந்த ஒரு வர்ஷம் எம்பொண்ணு எங்கூட உக்காந்து துன்னுச்சிம்மா. அத்த நான் எவங்கிட்ட கேட்டு வாங்கியிருப்பேன்?"

எத்தனை இடத்துக்குப் போடலாம் என்று இன்றும் கேட்கிறார்கள். எத்தனைக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் ஒரு கடிதத்தை ஒரு மனிதருக்கு மட்டும் எழுதுங்கள் என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷ டைப்பிங்கோடு, இன்னொருத்தி வாழ்க்கையிலிருந்து ஒரு வருஷமும் தேவைப்பட்டது.