வக்கீலின் நல்ல கால்

விலங்கு மருத்துவமனையில் நாய்களின் வலியை அளக்கும் அம்மாளுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அழுத்தக்காரி. எதையும் சுலபத்தில் வாய் திறந்து சொல்லமாட்டார், வேலையும் அழுத்துவதுதான். முன்பு ரப்பர் தொழிற்சாலையில் குழாய் வெடிக்கும்வரை அழுத்திப் பார்த்தவர். "இங்க நேர்மாறு. நாய் காலை இழுத்ததும் கையை எடுத்துடணும்" என்பார். கைக்கடக்கமான கருவி, நுனியில் ரப்பர் குமிழ். எவ்வளவு அழுத்தம் தாங்கியது என்பது எண்ணாகத் தெரியும்.

எங்கள் நாயை அவரிடம் கொண்டுபோன அன்று அதன் உயிர் அந்த எண்ணில் தொங்கியது. எந்தச் சத்தத்தையும் எதிர்த்துக் குரைப்பதால் அதற்கு வக்கீல் என்று பெயர். சில மாதங்களாகக் குரைப்பு குறைந்திருந்தது. முந்தின நாள், கழுத்தைக் கட்டிக்கொண்ட என் பேத்தியின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நானும் குழந்தையும் இருக்கணும்" என்றாள் மருமகள். ஊசி போட்டு முடித்துவிடச் சம்மதம் கேட்கும் தாள் என் மகனின் சட்டைப்பையில் இருந்தது.

டாக்டருக்கு நாயின் இடுப்பின் மேல் சந்தேகம். எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம்தான் தெரிந்தது. "படத்தை மட்டும் நம்ப வேண்டாம். வலியால கடிச்சதுன்னா வைத்தியம் இருக்கு. இல்லன்னா கையெழுத்து போடுங்க" என்றார்.

கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. வக்கீலுக்குக் கம்பிவலை வாய்மூடி மாட்டியிருந்தது. மகன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு "அசையாத" என்றான். அந்த அம்மாள் இடுப்பில் அழுத்தினார். எண் ஏறிக்கொண்டே போனது. நாய் கல்லாக நின்றது. "இதுக்கு மேல அழுத்த மாட்டேன்" என்று கையை எடுத்தார்.

"பாத்தீங்களா? வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, கொழுப்பு." மகன் தாளை வெளியே எடுத்தான்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. நாயின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சை அடக்கிட்டு நிக்குது சார். உங்க பேச்சுக்காக நிக்குது. நீங்க வெளிய இருங்க." பிறகு என்னிடம், "ஐயா, உங்க பேச்சைக் கேக்குமா?"

"வீட்ல யாருமே கேக்கறதில்லம்மா."

"அப்ப நீங்க பிடிங்க."

கொஞ்ச நேரம் அதை ஓய்வாக விட்டார். "வாடா ராசா" என்று குமிழை வெறுமனே வைத்து எடுத்தார். தோள், முன்கால், இடுப்பு. நாய் சும்மா இருந்தது. பிறகு நோயில்லாத முன்காலில் மெல்ல அழுத்தினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மற்ற நாய்கள் தாங்குவதில் பாதிகூட இல்லை. நல்ல காலே இப்படியென்றால் மகன் சொன்னதுதானே சரி? அடுத்து இடுப்பு; எண் ஏறத் தொடங்கியதுமே நாய் கடிக்கத் தலையைத் திருப்பியது. வலை அவர் விரலில் இடித்தது.

மகன் கதவைத் திறந்தான். "நல்ல காலையும்தான் இழுக்குது. எங்க தொட்டாலும் கடிக்கும்னு நான் சொல்றது இதைத்தான்."

"தொட்டதுக்கு இழுக்கல சார். அங்கயே நின்னு பாருங்க."

வெறும் குமிழ்: அசைவில்லை. அழுத்தம்: கால் போனது. எது எப்போது வரும் என்று நாய்க்குத் தெரியாதபடி மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு தடவையும் பதில் அதேதான்.

உள்ளே வந்து எண்களைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "பயம்னா வெறுமனே தொட்டதுக்கே துள்ளியிருக்கும். ஒரு இடத்து வலி ரொம்ப நாள் நீடிச்சா உடம்பு முழுக்கவே தாங்கும் சக்தி குறைஞ்சிடும். காய்ச்சல்ல போர்வை பட்டாலே வலிக்குமே, அப்படி. பாப்பா ஆசையா கட்டிப்பிடிச்சது அதுக்கு நெரிச்ச மாதிரி இருந்திருக்கும்."

"மருந்து கொடுத்தா இனிமே கடிக்காதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றான் மகன்.

"மாட்டேன்" என்றார் அந்த அம்மாள். "மருந்து கொடுக்கறோம், நாலு வாரம் இங்க கூண்டுல இருக்கட்டும். மறுபடி அளக்கறேன். எண் ஏறலன்னா நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

மகன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நாலு வாரம் கழித்து மகனோடு மருமகளும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பட்டையை நான்தான் பிடித்தேன். முன்கால் நன்றாகவே தாங்கியது. பிறகு இடுப்பு. அன்று தலையைத் திருப்பிய எண்ணைத் தாண்டியது. இன்னும் ஏறியது. ஏறக்குறைய இரண்டு மடங்கில் கால் இழுபட்டது.

"ஏறியிருக்கு." அவ்வளவுதான் சொன்னார்.

"குழந்தை இது கிட்ட போகலாமா?" என்றாள் மருமகள், கதவைத் திறந்து.

"நீங்க கூடவே இருந்தா பக்கத்துல உக்காரலாம். கட்டிக்கக் கூடாது."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். வக்கீல் அதை எதிர்த்து ஒரு தடவை குரைத்தது. மருமகள் கணவனிடம் கை நீட்டித் தாளை வாங்கினாள். கிழிக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, போய்க் காரின் பின்கதவை வக்கீலுக்குத் திறந்துவிட்டாள்.