எலுமிச்சைச் சாதமும் மாடிவீட்டுப் பாயசமும்

வெடித்த கடுகோடு எலுமிச்சைச் சாறு சேரும் அந்த வாசனையில், கெட்டுப்போனதன் சாயல் துளிகூட இருக்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது.

அபிராமபுரத்தில் நாங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தோம். மாடியில் தையல் வேலை செய்த நூர்ஜஹான் அத்தை, அம்மாவின் உயிர்த்தோழி. அந்தக் கோடை நாளில் காலையில் வடித்த சாதம் மிஞ்சி, மின்சாரம் போன சமையலறைப் புழுக்கத்தில் பொழுதுசாயும் வரை மூடியே கிடந்தது. "சூடு காட்டிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது அம்மாவின் வழக்கமான பேச்சு. அன்றும் அதை வாணலியில் புரட்டி, எலுமிச்சை பிழிந்து தம்பி குமாருக்குக் கொடுத்தாள். எனக்குப் புளிப்பு பிடிக்காது, நான் அதைத் தொடவில்லை. சற்றைக்கெல்லாம் மாடியிலிருந்து வந்த பாயசத்தை இருவருமே குடித்தோம்.

இரவு எட்டு மணி வாக்கில் தம்பி வாந்தியெடுக்கத் தொடங்கினான். நிற்கவேயில்லை, கண்கள் செருகின. அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடிய அம்மா, வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாத்த கலந்து குடுத்தே என் புள்ளைக்கு?" மாடிப்படியில் நின்ற அத்தை பதறி இறங்கி வந்தார். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் காட்டி, "பாயசம் இவளும்தானே குடிச்சா? அவன் மட்டும் வேற என்ன சாப்பிட்டான்?" என்றார். அம்மா காலைச் சாதத்தைப் பற்றிச் சொன்னதும் பொறுமையாக விளக்கினார்: "அரிசியில இருக்கிற கிருமியோட வித்து வெந்தாலும் சாகாதும்மா. சாதத்தை வெக்கையில வெச்சா அது பெருகி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் சூடு பண்ணினாலும் போகாது." அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

கல்லீரல்வரை பாதிக்கப்பட்டு, தம்பி மறுபிறவியாகப் பிழைத்தான். வீடு திரும்பியதும் அம்மா மாடியேறிப் போய் அழுதாள். அத்தை, "புள்ளைக்கு இப்ப எப்டிக்கா கீது?" என்று மட்டும் கேட்டார். ஆனால் தெருவுக்கு டாக்டர் சொன்னது தெரியாது. அம்மா கத்தியதுதான் தெரியும். அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் யாரும் நம்பவில்லை; அத்தையிடம் துணி தைக்கக் கொடுப்பது நின்றுபோனது. ஒருநாள் நாங்கள் பள்ளிவிட்டு வந்தபோது மாடி காலியாக இருந்தது.

இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் படிக்கட்டும் இல்லை, அந்தத் தெருவின் பழைய முகங்களும் இல்லை. சென்ற மாதம் தி. நகர் நெரிசலில் அம்மா சட்டென என் கையை உதறிவிட்டு, "நூரு!" என்று கூவியபடி ஓடினாள். திரும்பிப் பார்த்த பெண் வேறு யாரோ. கூட்டம் இடித்துக்கொண்டு போக, அம்மா அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்: "உம்மேல தப்பில்ல நூரு, சோத்துலதான்…"