சனிக்கிழமை ஐந்து நாற்பது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. குவோப்பியோ ஊரின் ஓரத்தில், மூன்று வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசையில், நடுவீட்டில். என் பெயர் எஸ்கோ. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

விவாகரத்து ஆனதும் அக்டோபர் கடைசியில் அங்கே வாடகைக்குப் போனேன். சனிக்கிழமைதோறும் என் மகள் ஹில்லா வருவாள். ஐந்து வயது. ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் திரும்பிவிடுவாள். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் வாரம் முழுக்க நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஒரு சின்ன சவுனா இருந்தது, அடுப்பில் கல்லைக் காயவைத்து வேர்வைக் குளியல் போடும் மர அறை. "அடுப்புக்குக் கரண்ட் கிடையாது. எப்பவோ ஒயரைக் கழட்டியாச்சு" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் இடம் பற்றாக்குறை. இங்கே பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெஞ்சு மேல், தரையில், அடுப்பின் கற்கள் மேல்கூட அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டேன்.

நவம்பர் முதல் சனி. மாலை 5.40. வெளியே கும்மிருட்டு.

டக்!

வீடு முழுக்க விளக்கு போய்விட்டது. ஹில்லா வீறிட்டாள். டார்ச்சோடு நடைக்கு ஓடினேன். அங்கே சுவரில் இருக்கும் மின்பெட்டியில் மெயின் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், வெளிச்சம் வந்தது. விரலில் ஏதோ கருப்பாக ஒட்டியது. பழைய வீடு, தூசி என்று பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த சனி. 5.40. டக்! மறுபடியும் விரலில் கருப்பு. முகர்ந்து பார்த்தேன். கரி.

திங்கட்கிழமை காலையில் ஹில்லாவின் அம்மா கிர்சி போனில் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இன்னொரு தடவை அவளை இருட்டுல உட்கார வெச்சே, அப்புறம் அங்க அனுப்பமாட்டேன்."

"பழைய வீடு கிர்சி. சரி பண்ணிடறேன்."

"அது உன் பாடு. முடியலைன்னா நீ இங்க வந்து அரைமணி பார்த்துட்டுப் போ."

அரைமணி!

மூன்றாவது சனி ஹில்லாவை வர வேண்டாம் என்றேன். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், ஹீட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். மின்பெட்டியில் ஒவ்வொரு லைனாக அணைத்துக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் மிச்சம். அதன் பக்கத்தில் 'சவுனா' என்று எழுதிப் பேனாவால் அடித்திருந்தது. செத்த லைன்தானே என்று அதைத் தொடவில்லை. என் முட்டாள்தனம் அது.

5.40. மெயின் விழுந்தது. எரிய ஒரு விளக்குகூட இல்லாத வீட்டில்... டக்!

புதன்கிழமை என் நண்பன் அவுலிஸ் வந்தான். எலக்ட்ரீஷியன்.

"எல்லாத்தையும் அணைச்ச பிறகும் விழுதுன்னா, மெயினே கெட்டுப்போச்சுடா. பாரு, ஊதினாலே விழும் போல இருக்கு."

"சரியா அஞ்சு நாப்பதுக்கு விழுதே?"

"என்ன, பேயா? உன் வீட்ல காஞ்ச ரொட்டியைத் தவிர என்ன இருக்கு? அது பசியில செத்துடும். போய் காப்பியைப் போடு."

புதிய மெயின் மாட்டினான். விறைப்பான சுவிட்சு. நன்றாக அழுத்தினால்தான் இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்காவது சனி. நாலு மணிக்கு ஹில்லா வந்தாள். சமையலறை மேஜையில் என் எதிரிலேயே உட்கார்ந்து படம் வரைந்தாள். என் கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

5.39.

5.40.

விளக்கு எரிந்தது. 5.41. எரிந்துகொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பால் ஊற்ற எழுந்தேன்.

டக்.

நடையிலிருந்து வந்தது. மெதுவாக.

டக்... டக்...

எட்டிப் பார்த்தேன். மின்பெட்டியின் கதவு திறந்திருந்தது. மெயின் சுவிட்சு கொஞ்சம் கீழே இறங்கியது... துள்ளி மேலே போனது. மறுபடி இறங்கியது. நடையில் யாரும் இல்லை.

"அப்பா," என்றாள் ஹில்லா, படத்திலிருந்து தலையைத் தூக்காமல். "அவங்களால முடியல. நீ இறக்கேன்."

"யாரால?"

அவள் அடுத்த கிரேயானை எடுத்தாள்.

டக்டக்டக்டக்...

அப்போதுதான் மூக்கில் ஏறியது. கருகும் வாடை.

சவுனா கதவை இழுத்தேன். அனல் முகத்தில் அடித்தது. அடுப்புக் கம்பிகள் சிவந்திருந்தன. மேலிருந்த பெட்டி புகைந்தது.

ஓடினேன்.

மெயினில் கை வைத்தேன்.

என் கைக்கு மேல்... இன்னொரு கை.

சூடாக.

சேர்ந்து அழுத்தியது.

டக்!

இருட்டு.

என் காதருகே ஒரு பெருமூச்சு.

ஹில்லாவை வாரிக்கொண்டு பனியில் ஓடினேன். தீயணைப்பு எண்ணைக்கூட இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். ஹில்லா என் தோள் வழியாக வீட்டையே பார்த்தாள்.

"அவன் இன்னும் வெளிய வரலப்பா."

"யாரும்மா?"

"சின்னப் பையன்."

தீயணைப்பு வீரர்கள் தேடினார்கள். ஒவ்வொரு பெட்டியாக வெளியே எடுத்துப் போட்டார்கள். யாரும் இல்லை. அடுப்பு லைனில் கரண்ட் இருந்தது, ஒயரை யாரும் கழற்றவே இல்லை. அடுப்பின் திருகு, ஒரு தடவை கரண்ட் போனால் மறுபடி திருகினால்தான் எரியும் வகை. அதைப் பார்த்தவர் என்னைத் திட்டினார். "பெட்டியை மேல வெச்சுட்டு அடுப்பைப் போட்டிருக்கீங்களே! குழந்தை இருக்கிற வீடுய்யா!" கதவைச் சாத்திய நாளிலிருந்து நான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை.

அன்று எங்களைத் தன் வீட்டில் உட்கார வைத்துப் போர்வை கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஹெல்வி. வயதானவர். ஹில்லா தூங்கியதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? பத்தொன்பது வருஷம் ஆச்சு. அந்த வீட்ல ஒரு பொண்ணு இருந்தா. அவளும் சவுனா நிறைய பெட்டி வெச்சிருந்தா. அன்னிக்கும் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு ஆகல. வீடெல்லாம் புகை. அவளை மின்பெட்டிக்குக் கீழதான் எடுத்தாங்க. மெயினை இறக்கத்தான் போயிருக்கா. ஒரு கை மேல தூக்கினபடியே இருந்துச்சு."

மூன்று சனிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது யார் என்று அப்போது புரிந்தது. நான்காவது சனிக்கு, அவளால் இறக்கவே முடியாத ஒரு சுவிட்சை ஆள் வைத்து மாட்டியிருக்கிறேன் நான்.

"அடுப்பை யார் போட்டது?" என்று கேட்டேன்.

ஹெல்வி எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"அவ பையன். நாலு வயசு. ஒளிஞ்சு விளையாட உள்ள போனவன், விளையாட்டுக்குத் திருகியிருக்கான். பெட்டிக்குப் பின்னாடி சுருண்டு கிடந்தான்."