பின்வாசல் வழி

தேனிக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பிளாட் போட்டவர்கள், எங்கள் குடியிருப்பின் தெருவை அடுத்த குடியிருப்பின் தெருவோடு சேர்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு மறித்து நின்றது. அந்தப் பக்கம் போய்ப் பஸ் பிடிக்க நான் இரண்டு கிலோமீட்டர் சுற்றுவேன். நரைமீசைப் பால்காரரோ செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் புகுந்து பின்வாசல் வழியாகப் போய்விடுவார். எனக்கு வயிறு எரியும்.

“ஒங்கள மட்டும் எப்படிண்ணே விடுறாக?” என்று கேட்டேன்.

“வழி கேட்டா யாரு சார் விடுவாக? நான் குடிக்கத் தண்ணிதேன் கேட்டேன். செம்பப் பின்னாடி கழுவி வச்சிட்டு, அப்படியே போயிட்டேன்.”

மறுநாள் நானும் அந்த வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன்.

வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் சார், ஒங்க வீட்டுல தண்ணி வரலையா?”

அவருக்குப் பின்னால் பால்காரர், கழுவிய செம்பைக் கவிழ்த்துவிட்டு, பின்வாசலைத் திறந்துகொண்டிருந்தார்.