மூழ்கிய பிறகு கட்டிய கப்பல்

எல்கானா டிபெட்ஸை எனக்கு உடனே பிடித்துப்போனதற்குக் காரணம், அவரைக் கிண்டல் செய்வது அத்தனை சுலபமாக இருந்ததுதான்.

அவர் கப்பலின் இரும்புத் தகடுகளை இணைக்க ரிவெட் அடிப்பவர். கிழக்கே ஜெர்சி சிட்டியில் ஒரு பட்டறையில் எங்கள் சான் பிரான்சிஸ்கோவுக்காக மானிட்டர் என்ற வகை இரும்புப் போர்க்கப்பல் ஒன்றைச் செய்தார்கள். எல்லாம் பொருந்துகிறதா என்று ஒருமுறை பூட்டிப் பார்த்தார்கள். பிறகு கழற்றி, தகடு தகடாக ஒரு பாய்மரக் கப்பலில் ஏற்றி, தென்னமெரிக்க முனையைச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்ததும் மறுபடி பூட்ட ஆள் வேண்டுமே? அதற்காகப் பனாமா வழியாக முன்னதாகவே வந்து சேர்ந்தவர்களில் டிபெட்ஸும் ஒருவர். அது 1863. தெற்கு மாநிலங்களோடு போர் நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய கப்பல் ஒன்று என்றைக்காவது விரிகுடாவுக்குள் புகுந்து ஊரைச் சுட்டுப் பொசுக்கிவிடும் என்று எங்களுக்கெல்லாம் பயம்.

ஹொனோரா கெராட்டி அம்மாளின் விடுதியில் எனக்குப் பக்கத்து அறை அவருக்கு. என் பெயர் கூம்ப்ஸ், துறைமுகத்தில் பார வண்டி ஓட்டுபவன். ஹொனோரா அயர்லாந்துக்காரர், கணவர் இறந்த பிறகு தனியாளாக விடுதியை நடத்தி வந்தார். அவர் சமைக்கும் அவரைக்காயைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. நாக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: துருப்பிடிக்காதது.

டிபெட்ஸ் தினமும் இரவுச் சாப்பாட்டில் கப்பலை விளக்குவார். தட்டுதான் மேல்தளம். அதன் நடுவே சர்க்கரைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவைப்பார். "இதுதான் கோபுரம். உள்ள ரெண்டு பீரங்கி. கப்பல் திரும்பவே வேணாம், கோபுரம் மட்டும் இப்படிச் சுத்தும்."

"சர்க்கரை கொட்டுதே," என்பார் ஹொனோரா.

"தண்ணிக்கு மேல ஒரு முழம்கூடத் தெரியாதும்மா. எதிரி எதைப் பார்த்துச் சுடுவான்? இதை மூழ்கடிக்க இன்னும் ஒருத்தன் பிறக்கல!"

நவம்பரில் பாய்மரக் கப்பல் வந்து சேர்ந்தது. ஊரே துறைக்கு ஓடியது. அடுத்த வாரம் ஒரு புயல். துறையில் கட்டியிருந்த அந்தக் கப்பல் மானிட்டரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே அடியில் உட்கார்ந்துவிட்டது.

அன்று ஹொனோரா டிபெட்ஸுக்கு மட்டும் பெரிய கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தார். அவர் கரண்டியை உள்ளே விட்டார். ஏதோ இடித்தது. துழாவி எடுத்தால் சர்க்கரைக் கிண்ணம்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. டிபெட்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் எங்களோடு சாப்பிட வருவதையே நிறுத்திவிட்டார்.

மாதக்கணக்கில் துறையே கதி என்று நின்றார். முக்குளிக்கும் உடை போட்டுக்கொண்டு ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒவ்வொரு தகடாகச் சங்கிலியில் கட்டி மேலே அனுப்பினார்கள். எந்தத் தகடு எங்கே என்று பெயிண்டில் எழுதியிருந்தது உப்புத்தண்ணீரில் போய்விட்டது. உளியால் அடித்த எண்கள் துருவுக்கும் சேற்றுக்கும் கீழே எங்கோ இருந்தன. டிபெட்ஸ் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹொனோரா ஒரு கூடையோடு அங்கே வந்தார். தகடு இறக்கப் போயிருந்த நானும் இருந்தேன்.

"என்ன மிஸ்டர் டிபெட்ஸ், என் அவரைக்காய்க்குப் பயந்து இங்க ஒளிஞ்சிருக்கீங்களா?"

"வேலை இருக்கும்மா."

அவர் கைகளை அப்போதுதான் ஹொனோரா கவனித்தார். விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. "இப்படியா தேய்ப்பாங்க?" என்று கூடையை வைத்தார். "அடிப்பிடிச்ச சட்டியக் கழுவின ஆளுன்னா தெரியும். கூம்ப்ஸ், அங்க நின்னு பல்லைக் காட்டாம ஈர மணல் அள்ளிட்டு வா."

அதன்பின் ஞாயிறுதோறும் மூவரும் தேய்த்தோம். "நூத்திப் பதினாலு!" என்று ஹொனோரா கத்துவார். டிபெட்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, "இடது பக்கம், பின்னால, ஏழாவது," என்பார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. சாப்பாட்டு மேசைக்கும் திரும்பி வந்தார்.

கோடையில் கப்பல் உருவாகத் தொடங்கியது. ஒரே ஒரு சிறிய தகட்டைக் காணவில்லை. முக்குளிப்பவர்கள் மூன்று முறை இறங்கித் தேடினார்கள். டிபெட்ஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நாலு மூலையிலயும் துளை, ஒரு ஓரம் மட்டும் வளைஞ்சிருக்கும்," என்று என்னிடமே நூறு தடவை சொன்னார்.

நூறாவது தடவைதான் எனக்கு உறைத்தது. என் லாய வாசலில் ஒரு சேற்றுக்குழி. குளிர்காலத்தில் வண்டித் தளத்தில் மிஞ்சிக் கிடந்த பழைய இரும்பு ஒன்றை அதன்மேல் போட்டிருந்தேன். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்துப் போட்டது.

அவரை அழைத்துப்போய்க் காட்டினேன். என் குதிரை அதன்மேல் நின்று ஆர அமரச் சாணி போட்டுக்கொண்டிருந்தது.

"யோவ் கூம்ப்ஸ்," என்றார் டிபெட்ஸ் மெதுவாக. "அமெரிக்கக் கடற்படை இங்கதான் நிக்குதா?"

"தெரியாம நடந்து போச்சுப்பா. ஹொனோரா அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்லிவிட்டார். அன்று முதல் விடுதியில் கிண்டல் வாங்கும் நாற்காலி என்னுடையதானது.

அடுத்த நவம்பரில் கப்பலைத் தண்ணீரில் விட்டார்கள். சரிவில் இறங்கி, குபுக்கென்று அமிழ்ந்து, எழுந்து நின்றது. அத்தனை பெரிய கூட்டம் மூச்சுவிடவில்லை. தண்ணீர்மட்டத்தில் ஒரு கரிய தளம் மட்டும் தெரிந்தது. ஹொனோரா டிபெட்ஸின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார்.

"மறுபடியும் மூழ்குதா?"

"இல்லம்மா, இது இப்படித்தான் மிதக்கும்." கூட்டம் அதற்குள் ஆரவாரம் செய்ய ஆரம்பித்திருந்தது.

பீரங்கியெல்லாம் பொருத்தி, மாலுமிகள் ஏறி, கப்பல் சண்டைக்குத் தயாரானபோது வசந்தகாலம் வந்துவிட்டது. போர் முடிந்தும் போய்விட்டது. சுடுவதற்கு எதிரி ஒருவன்கூட மிச்சமில்லை. பட்டறையில் டிபெட்ஸின் கணக்கை முடித்தார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். ஹொனோரா சமையலறை வாசலில் நின்றிருந்தார். நான் மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா. நாளைக்கு விடிகாலைல கப்பல்."

"திருப்பிக் குடுத்துடுங்க. வெந்நீர்க் கொப்பரை ஒழுகுது."

"அது நாலு மாசமா ஒழுகுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நாலு மாசமா நீங்க போறேன்னு சொல்லலியே."

டிபெட்ஸ் பெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"சுத்தியல் பெட்டிக்குள்ள அடியில இருக்கு," என்றார். "எடுக்கக் கொஞ்ச நேரமாகும்."

"எடுங்க. யார் அவசரப்படுத்தினா?"

ஜூன் மாதம் கல்யாணம். அவர் மெதடிஸ்ட், அந்த அம்மா கத்தோலிக்கர். யார் கோயிலில் நடத்துவது என்று மூன்று வாரம் சண்டை போட்டு, கடைசியில் பாதிரியாரின் வீட்டுக் கூடத்தில் முடித்தார்கள். மோதிரத்தை நீட்டிய டிபெட்ஸ் எந்தக் கை, எந்த விரல் என்று தேடினார். ஹொனோரா தானே விரலை நுழைத்துக்கொண்டார்.