அப்பா அனுப்பிய எண்கள்

"இவ்வளவு நல்ல சுகர் எனக்கே இல்லையேம்மா. நெசமாவே இது உங்கப்பா ரத்தந்தானா?" என்று எங்கள் லேப் சூப்பர்வைசர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கொரோனா ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் பல வருடங்களாகச் சர்க்கரையோடு இருப்பவர். காலையில் லேபுக்குள் வந்ததும் தன் விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கையைத் தொடுவார். அவரிடம்தான் பெருமையாக என் போனை நீட்டியிருந்தேன். அதில் அப்பாவின் குளுக்கோமீட்டர் படம் இருந்தது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றாறு. அவர் கேலியாகத்தான் கேட்டார். நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "எங்கப்பா நான் சொன்னபடி கேக்கறவருங்க சார்" என்றேன்.

அப்பா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறவர். அம்மாவுக்கும் அதே களத்தில்தான் வேலை. இருவருக்கும் எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கியதுதான் அந்த மீட்டர். கொரோனா வந்ததும் ஊருக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். பகலெல்லாம் சளியையும் ரத்தத்தையும் கையாளுகிறவள், சர்க்கரை இருக்கும் வீட்டுக்குத் தொற்றைச் சுமந்துபோகக் கூடாது என்று சரவணம்பட்டி விடுதியிலேயே தங்கிவிட்டேன். வீட்டுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டேன். காலையில் எழுந்ததும் அப்பா விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், மீட்டரை அம்மா படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும்.

முதல் வாரம் முழுக்க இருநூறுக்கு மேல் இருந்தது. நான் போனில் கத்தினேன். என்ன சாப்பிட்டீர்கள், ஏன் நடக்கவில்லை, டீயில் யார் சர்க்கரை போட்டது என்று ஒரு விசாரணையே நடத்தினேன். தூங்கினீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த வாரத்தில் எண்கள் இறங்கின, இறங்கிய இடத்திலேயே நின்றன. பத்து வருடச் சர்க்கரைக்காரருக்கு ஒரு காலைகூடத் தவறாமல் அப்படி வராது. அது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். ஆனால் என் கண்டிப்பு பலித்துவிட்டது என்று நினைக்க எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மாதத்துப் படங்களை எங்கள் மருத்துவமனை டாக்டரிடம் காட்டினேன். இப்படியே போனால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிடும் என்று அவர் அப்பாவின் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கினார். அதை அப்பாவிடம் போனில் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாதான், "செரி கண்ணு, நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார்.

பஸ் ஓட ஆரம்பித்த வாரத்தில் ஊருக்குப் போனேன். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த அம்மா, சாறு பட்டதும் கையை உதறினார். வெட்டுக்காயமோ என்று விரலைப் பிடித்துப் பார்த்தேன். நுனிகளின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். இப்படிப்பட்ட விரல்களை நான் தினமும் பிடிக்கிறேன். தினமும் குத்திக்கொள்கிறவர்களின் விரல் அது. அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது. எழுந்துபோய் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் கைகளைத் திருப்பினேன். மட்டையும் ஓடும் உரசித் தடித்துப்போன விரல்கள். ஒரு புள்ளி இல்லை. அவர் கையை என்னிடம் விட்டுவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே குத்தினேன். முந்நூற்று எண்பது. இடது பாதத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது.

அம்மாதான் பேசினார். களத்து மேஸ்திரிக்கும் சர்க்கரை இருந்ததாம். காய்ச்சல் என்று ஆம்புலன்சில் ஏறியவர் திரும்பி வரவில்லை. செத்துப்போகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள்தான் அதிகம் என்று டிவியில் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிருக்கிறது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாராம், மீட்டரைக் கையில் எடுத்தாலே நடுங்குவாராம். நான் சத்தம் போட்ட ஒரு காலையில் அம்மா தன் விரலை நீட்டியிருக்கிறார். அடுத்த நாளும் நீட்டியிருக்கிறார்.

"நெம்பர் நல்லாருந்தா நீ மகளாட்டப் பேசற கண்ணு. கூடிப்போச்சுன்னா டாக்டராட்டப் பேசற. அதையும் அவரு தாங்கமாட்டாருன்னுதான் என் வெரலக் குடுத்துபோட்டேன்" என்றார்.

"மாத்திரையக் குறைச்சப்பவாவது சொல்லியிருக்கலாமல்லங்கம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா டிவியை அணைத்தார். "நாளைக்குச் சொல்லிப்போடலாம் நாளைக்குச் சொல்லிப்போடலாம்னே நெனச்சேன் சாமி" என்றார்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. சம்மதப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. அந்த மாதங்களில் தானும் வேலைக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி அழுததாகவும், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். "நம்பர் ஏறுனா ஏதோ திருடுன மாதிரி இருக்கும்மா. எல்லாரும் என்ன தின்னேன்னுதான் கேப்பாங்க. உங்கப்பாவும் பாவம்." அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பாசத்தில் செய்தார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்வதும் புரிகிறது. ஆனால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடச் சொன்னது என் குரல். பெற்றவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அது தவறு என்று தெரிந்தே, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படித்த மகளை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள், என் படிப்பைக் கொண்டே என் கையால் அப்பாவுக்குக் கெடுதல் செய்ய வைத்தார்கள். நான் கோபக்காரியாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இது தண்டனை என்று மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. புண் ஆறியது, அப்பா கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், களத்துக்கும் போகிறார். சனிக்கிழமை ஊருக்குப் போனால் அவர் விரலை நானே பிடித்துக் குத்துகிறேன். அம்மா சொல்லும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. பால் என்ன விலை என்று சொன்னால்கூட ஒரு நொடி யோசிக்கிறேன். தெருவில் யாராவது இருமினால் அப்பா இன்னமும் கதவைச் சாத்துகிறார். மீட்டரைக் கண்டால் அந்த நடுக்கமும் வந்துவிடுகிறது. அதற்கு மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் எங்கள் மருத்துவமனையிலேயே இரண்டாவது மாடியில் உட்கார்கிறார் என்பதும் எனக்கு முதலிலிருந்தே தெரியும். என் அப்பா அந்த வரிசையில் நிற்பதை உடன் வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்களே என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வேறு ஊரில், யாருக்கும் தெரியாத மருத்துவமனையாகப் பார்க்கலாம் என்றும் யோசித்தேன். அதுவும் ஒரு மறைத்தல்தான் என்று தோன்றியபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

போன திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு அப்பாவைக் கூட்டி வந்தேன். அம்மாவும் வந்தார். சீட்டுப் போடும் இடத்தில் இருந்த பெண் தினமும் என்னோடு டீ குடிக்கிறவள். என்ன தொந்தரவு என்று கேட்டாள். தூக்கமில்லை, பயம் என்று அப்பாவுக்காகச் சொன்னேன். அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். இன்னொரு சீட்டு வேண்டும் என்றேன். அம்மாவுக்கா என்று கேட்டாள்.

எனக்கு என்றேன். "யாரையும் நம்ப முடியலைன்னு எழுதிக்கோ."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் பெயரை எழுதிவிட்டு வயது கேட்டாள். சொன்னேன்.